‘போறேன்’ என்று சொல்லிவிட்டு ரயில் ஏறியவன்

தென்காசி ரயில் நிலையத்தில் அன்று சாரல். குடையை விரித்தால் நின்றுவிடும், மடக்கினால் சட்டை நனைந்துவிடும். ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் ஊர்க்காரர்கள் அதை மழை என்றே சொல்வதில்லை.

கல்யாணத்துக்காக எடுத்த லீவு தீர்ந்து, நான் ராணுவத்துக்குத் திரும்புகிற நாள். என் பெயரும் நம்பரும் வெள்ளைப் பெயின்டில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று. அதன் மேல் அம்மா கொடுத்த முறுக்கு டப்பா. பக்கத்தில் கோமதி, புது மஞ்சள் கயிறு கழுத்தில் இன்னும் நிறம் மாறாமல். அவளுடைய அம்மா, அதாவது என் மாமியார், அத்தை என்று நான் கூப்பிடுகிறவர், திருவேங்கடத்திலிருந்து வழியனுப்ப வந்திருந்தார்.

ரயில் ஊதியது. பெட்டியை ஏற்றிவிட்டு வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். எல்லோரும் என் வாயையே பார்த்தார்கள்.

“போறேன்” என்றேன்.

அத்தை சேலைத் தலைப்பை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். அம்மாதான் முதலில் பேசினாள்.

“ஏலே, என்ன சொல்லுத? போயிட்டு வாரேன்னு சொல்லுலே.”

“போறது தெரியும்மா. வாரது எனக்கு எப்படித் தெரியும்?”

ரயில் நகர்ந்துவிட்டது. ரயில் நகர்ந்தால் கையசைக்க வேண்டும் என்ற விதி எனக்குத் தெரியும். அசைத்தேன். கோமதி அசைக்கவில்லை. அழவும் இல்லை. என்னைப் பார்த்தபடியே சாரலில் நின்றாள், பிளாட்பாரம் முடிகிறவரை.

இதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நம் வீடுகளில் யாரும் போவதே கிடையாது, எல்லோரும் வருகிறார்கள். தீப்பெட்டி வாங்கப் போகிறவனும் வாரேன் என்கிறான். இனி இந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்ட விருந்தாளியும் வாசலில் நின்று வாரேன் என்றுதான் சொல்கிறான். போறேன் என்பது கோபித்துக்கொண்டு கிளம்புகிறவன் சொல்கிற வார்த்தை. அல்லது ஒரேயடியாகப் போகிறவன் சொல்வது.

இதெல்லாம் எனக்கும் தெரியும். நான் தமிழ் தெரியாதவன் இல்லை. தெரிந்தும் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதுதான் இந்த வாரக் கதை.

ஷக்கரபாண்டி

என் பெயர் சங்கரபாண்டியன் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். ராணுவத்தில் அந்தப் பெயர் என்ன பாடுபட்டது என்பதை இதுவரை சொல்லவில்லை.

பயிற்சியில் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் உஸ்தாத், அதாவது எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர், “கோயி ஷக்?” என்று கேட்பார். யாருக்காவது சந்தேகம் உண்டா என்று அர்த்தம். அதற்கு எல்லோரும் ஒரே குரலில் “நஹி உஸ்தாத்!” என்று கத்த வேண்டும். பள்ளிக்கூடத்தில் கடைசி மணி அடிப்பது மாதிரிதான் அது. கேள்வியே இல்லை.

எனக்கு அது கேள்வியாகத்தான் கேட்டது. முதல் பாடம் துப்பாக்கி துடைப்பது. கையைத் தூக்கினேன்.

“கொஞ்சம் எண்ணெய் போடச் சொன்னீர்கள் உஸ்தாத். கொஞ்சம் என்றால் எவ்வளவு?”

அரைகுறை இந்தியில் கேட்டேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினேன். மறுநாளும் உஸ்தாத் “கோயி ஷக்?” என்றார். நேற்றைய சந்தேகமே இன்னும் தீரவில்லை என்றேன். மறுபடியும் ஓடினேன்.

அந்த வாரமே பெயர் விழுந்துவிட்டது. சங்கரபாண்டி, ஷக்கரபாண்டி ஆனேன். இந்திக்காரர்களுக்கு இன்னும் கொண்டாட்டம். ‘ஷக் கர்’ என்றால் ‘சந்தேகப்படு’ என்று பொருளாம். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே சந்தேகப்படச் சொல்லி எனக்கு உத்தரவு போட்ட மாதிரி.

ராணுவத்தில் நான் கஷ்டப்பட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அது சொர்க்கமாகவும் இருந்தது. ஊரில் எல்லோரும் பாதியை வாயால் சொல்வார்கள், மீதியைக் கண்ணால் சொல்வார்கள். அந்தக் கண் பாஷை எனக்குப் பிடிபட்டதே இல்லை. ராணுவம் முழுவதையும் வாயால் சொன்னது. போர்வையை இப்படி மடி. குவளையின் காது இந்தப் பக்கம் இருக்கட்டும். இவரைப் பார்த்தால் நில், அவரைப் பார்த்தால் சல்யூட் அடி. கல்யாண வீட்டில் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ராணுவத்தில் தோளைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நரகமும் இருந்தது. துப்பாக்கிச் சத்தத்தைச் சொல்லவில்லை. சுடப்போவது நான், எப்போது வெடிக்கும் என்று எனக்குத் தெரியும். சாப்பாட்டுக் கூடத்தில் யாராவது ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டால்தான் உயிர் போய்விடும். கம்பளிச் சட்டை கழுத்தில் ஆயிரம் எறும்பு விட்ட மாதிரி அரிக்கும். பழைய காட்டன் பனியன் ஒன்றைத் தையல் வெளியே தெரியும்படி திருப்பி உள்ளே போட்டுக்கொள்வேன். காலையில் ஒரு திட்டம் சொல்லி மத்தியானம் மாற்றினால், அன்று முழுக்க எனக்குக் கை ஓடாது.

இதையெல்லாம் முதலில் கவனித்தவர் தாமஸ் சாப். பாலக்காட்டுப் பக்கத்து சுபேதார்; சுபேதார்களை ராணுவத்தில் சாப் என்றுதான் கூப்பிடுவோம். ரோந்துக்குப் போகும்முன் உத்தரவெல்லாம் சொல்லி முடித்து, “கோயி ஷக்?” கேட்டு, எல்லோரும் நஹி என்று கத்திய பிறகு, என் பக்கம் திரும்புவார்.

“எந்தா பாண்டி, ஷக் உண்டோ?”

கேட்டுவிட்டுக் காத்திருப்பார். நான் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்வார். பாண்டி என்று மலையாளிகள் தமிழர்களைக் கேலியாகச் சொல்வதும் உண்டு. நம் பையன்கள் அதற்காக அவரிடம் முறைத்துக்கொண்டதும் உண்டு. நான் அவர் என்னை மரியாதையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முருகையா அண்ணன்

கல்யாணத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் எங்களைப் பனிமலையில் ஒரு காவல் நிலைக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. பனி எல்லாச் சத்தத்தையும் விழுங்கிவிடும்.

பதுங்கு அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்று எரியும். அதன் பக்கத்தில்தான் ஊருக்குப் பேசுகிற போன். ஆளுக்கொரு முறை வரும். ஒருவர் பேசுவதை மற்றவர்கள் எல்லோரும் கேட்டுத்தான் ஆக வேண்டும், போவதற்கு வேறு இடம் கிடையாது. அதனால் எல்லோருடைய பெண்டாட்டிகளின் பெயரும் எல்லோருக்கும் தெரியும்.

முருகையா அண்ணன் ராஜபாளையம் பக்கத்துக்காரர். என்னைவிட மூத்தவர். என் தட்டு தனியாக இருக்க வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டு, அதை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டவர். அவர் போனை எப்போதும் ஒரே மாதிரிதான் முடிப்பார்.

“பொங்கலுக்கு வாரேன்ட்டி. கரும்பு வாங்கி வையி. வாரேன்.”

பொங்கலுக்கு முன்பே ஒரு நாள் சாமான் சுமக்கிற குழுவோடு கீழே இறங்கினார். பனிச்சரிவு மொத்தமாக அவர்கள் மேல் வந்தது. நாங்கள் தோண்டினோம். அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத முடியும்.

சில நாள் கழித்து அவருடைய மனைவி அந்தப் போனில் வந்தார். தாமஸ் சாப்தான் பேசினார். பேசினார் என்று சொல்வதைவிடக் கேட்டுக்கொண்டிருந்தார் என்று சொல்லலாம். அந்த அம்மா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னது அறை முழுக்கக் கேட்டது.

“வாரேன்னு சொன்னாரே சார். அவரு வாரேன்னு சொன்னாரே.”

அதற்குப் பிறகு அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. நான் சபதம் எதுவும் எடுக்கவில்லை. நாக்கு எழவில்லை, அவ்வளவுதான். கோடையில் லீவு கிடைத்தது, ஊருக்கு வந்தேன், கல்யாணம் நடந்தது. முருகையா அண்ணனைப் பற்றி வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அருவிக்கு அடியில்

கல்யாணமான மறு வாரம் குடும்பத்தோடு வேன் பிடித்துக் குற்றாலம் போனோம். கோமதியின் ஊர் கரிசல் காடு. வானத்தைப் பார்த்து விதைக்கிற ஊர். அவள் பேரருவியில் பெண்கள் பக்கம் போய் நின்றவள் வெளியே வரவே மாட்டேன் என்றுவிட்டாள். காய்ச்சல் வந்துவிடும் என்று அத்தை கரையில் நின்று கத்தியது அவள் காதில் விழவே இல்லை.

மாப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துவிட வேண்டும் என்று என் மச்சான் ஏற்பாடு செய்திருந்தார். யாராவது தோளில் லேசாகக் கை வைத்தாலே நான் சுருங்கிப்போவேன் என்பது அம்மாவுக்குத் தெரியும். “வேண்டாம், அவனுக்கு ஒத்துக்காது” என்று பதறினாள். எண்ணெய்க்காரர் அதற்குள் என்னைப் பாறையில் உட்காரவைத்து முதுகில் தொம்தொம் என்று அடிக்க ஆரம்பித்துவிட்டார். சுகமாக இருந்தது. லேசான கைதான் எனக்கு ஆகாது, அழுத்தமான கை ஆகும். அதை அன்றுதான் நானே கண்டுபிடித்தேன்.

பிறகு அருவிக்கு அடியில் போய் நின்றேன். வேன் ஹார்ன், ஒலிபெருக்கி, சிப்ஸ் கடைக்காரர் கூப்பாடு, சொந்தக்காரர்களின் விசாரிப்பு எல்லாம் ஒரே அடியில் காணாமல் போய்விட்டன. ஒரே ஒரு சத்தம். அதற்கு அடியில் யாரும் யாரிடமும் பேச முடியாது. பதில் சொல்ல வேண்டியதில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று யோசிக்க வேண்டியதில்லை. தண்ணீர் தலையில் அடிக்க அடிக்க எனக்குள் எல்லாம் ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் உட்கார்ந்தன.

வெளியே வந்து கோமதியிடம் பேசினேன். ஈரத் தலையோடு கடைத்தெரு நெடுக பேசிக்கொண்டே நடந்தேன். போர்வை மடிப்பது, மண்ணெண்ணெய் அடுப்பு, தாமஸ் சாப், கோயி ஷக் எல்லாம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்துக் கேட்டாள்.

“அருவில குளிச்சாத்தான் வாய் தொறப்பியளோ? தெரிஞ்சிருந்தா மொத நாளே இங்கன கூட்டிட்டு வந்திருப்பேன்லா.”

அவள் என்னை எடைபோட்டது அன்றைக்குத்தான் என்று பின்னாளில் சொன்னாள்.

பெட்டி கிளம்பியது

இனி ரயில் நிலையத்துக்கு வருவோம். நான் மலைக்குப் போய்ச் சேர்ந்து, என் முறை வந்து போனை எடுத்தால், அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

“அவ ஆத்தா வந்து பெட்டியோட கூட்டிட்டுப் போயிட்டாலே. கட்டுனவளப் பாத்துப் போறேன்னு சொல்லுதவனுக்குக் குடித்தனத்துல மனசு இல்லையாம். பெரியவங்கள வச்சுப் பேசி அத்து விட்டுரலாம்னு சொல்லுதா. ஒத்த வார்த்தைல குடும்பத்தக் கெடுத்துட்டியே.”

பிறகு கோமதியோடு பேச ஒரு வாய்ப்பு வந்தது. திருவேங்கடத்தில் அவள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டுப் போன். அவள் குரல் ரகசியமாக இருந்தது.

“ஏங்க, நான் சொல்லுததக் கேளுங்க. போயிட்டு வாரேன்னு ஒரே ஒரு தடவ சொல்லிருங்க. அம்மா பக்கத்துலதான் நிக்கா. அவ காதுல விழுந்துட்டா அனுப்பிருவா. நான் நாளைக்கே தென்காசிக்குக் கெளம்பிருவேன்.”

நான் வாயைத் திறந்தேன். அடுப்பு வாசனை வந்தது. என் கையில் இருந்தது முருகையா அண்ணன் பிடித்துப் பேசிய அதே போன். பின்னால் அடுத்த ஆள் தொண்டையைச் செருமினான்.

“முடியல” என்றேன்.

அவள் குரல் இன்னும் இறங்கியது.

“முடியலையா, மனசில்லையா?”

“மனசு இருக்கு. முடியல.”

லைன் போய்விட்டது. என்னிடம் ஒரு சொல் கேட்டவளுக்கு அந்தச் சொல்லைக் கொடுக்க முடியாமல் அந்த அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கோமதி போய்விட்டால் எனக்கு இன்னொரு கோமதி கிடைக்கமாட்டாள் என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அன்று அருவியிலிருந்து வந்து அவளிடம் பேசிய மாதிரி நான் வேறு யாரிடமும் பேசியதில்லை. பயமாக இருந்தது.

பையன்கள் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். “சும்மா சொல்லுடா, வாய் வார்த்தைதானே” என்றார்கள். தாமஸ் சாப் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. அறையில் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

“பாண்டி, அறியாத்தது பறயண்டா. அறியுன்னது பற.”

தெரியாததைச் சொல்ல வேண்டாம், தெரிந்ததைச் சொல். செங்கோட்டைப் பக்கத்து ஆளுக்கு அந்த மலையாளம் புரியும்.

எனக்கு என்ன தெரியும் என்று யோசிக்கத் தொடங்கினேன். காவலில் நிற்கும்போது யோசித்தேன், பனியை வாரும்போது யோசித்தேன். அடுத்த முறை போன் கைக்கு வந்தபோது முதலில் முருகையா அண்ணன் கதையைச் சொன்னேன். தட்டு, கரும்பு, சரிவு, அந்த அம்மாவின் குரல் எல்லாம். பிறகு சொன்னேன்.

“வருவேனான்னு எனக்குத் தெரியாது கோமதி. வரணும்னு நெனச்சுத்தான் போறேன். அது நிச்சயம்.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு அவள் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சத்தமாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

“எம்மா, அவரு சொல்லிட்டாரு.”

“என்ன சொன்னாரு?” இது அத்தை.

“நான் எதக் கேக்கணுமோ அதச் சொல்லிட்டாரு. பெட்டிய எடு.”

அவள் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அன்று சாயங்காலமே தென்காசிக்கு வந்துவிட்டாள்.

அதிலிருந்து ஒவ்வொரு லீவு முடியும்போதும் பிளாட்பாரத்தில் அதே வாசகம்தான். “வரணும்னு நெனச்சுத்தான் போறேன்.” பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கோமதி சரி என்று தலையாட்டுவாள். திரும்பி வருகிறபோது டிரங்குப் பெட்டியை இறக்காமல், பூட்ஸைக் கழற்றாமல், வாசலில் நின்று “வந்துட்டேன்” என்று சத்தமாகச் சொல்வேன். போகும்போது சொல்லாததை வந்த பிறகாவது சொல்ல வேண்டுமே. அடுப்படியிலிருந்து அவள் கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்து, “ரிப்போர்ட் வாங்கியாச்சு. உள்ள வாங்க” என்பாள்.

இதற்கு ஒரு பெயர் உண்டாம்

நாயிப் சுபேதாராக ஓய்வு பெற்று வந்து சில வருடங்கள் கழித்து, மகள் செல்வி தன் குழந்தையைத் திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் காட்டினாள். பேத்திக்கு இன்னும் பேச்சு வரவில்லை. நானும் கோமதியும் கூடப் போயிருந்தோம். டாக்டர் செல்வியிடம் கேட்டுக்கொண்டே வந்தார். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்துகிறாளா? சட்டையின் லேபிள் உறுத்துகிறதா? வழக்கமான வழியை மாற்றினால் அழுகிறாளா?

ஒவ்வொன்றுக்கும் நான் பின்னாலிருந்து “எனக்கும்” என்றேன். செல்வி என்னை முறைத்தாள். டாக்டர் கடைசியில் நாற்காலியையே என் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்னொரு நாள் என்னைத் தனியாக வரச் சொன்னார். பேத்திக்குச் சொன்னதையே எனக்கும் சொன்னார். ஆட்டிசம்.

கோமதிக்குத்தான் ஆச்சரியம்.

“இதுக்கு இப்படி ஒரு பேரு இருக்கா டாக்டர்? நான் இதுக்குப் பேரே சங்கரபாண்டின்னுல்லா நெனச்சிட்டிருந்தேன்.”

அன்று பஸ்ஸில் வரும்போது பழசெல்லாம் யோசித்தேன். ஆளெடுப்பில் என் மார்பை அளந்தார்கள், கண்ணைப் பார்த்தார்கள், முட்டியைத் தட்டினார்கள். ‘கோயி ஷக்?’ என்பது உன் காதில் கேள்வியாக விழுமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன், அப்படியே ஊருக்கு அனுப்பியிருப்பார்கள். அது நல்லதாக இருந்திருக்குமா, கெட்டதாக இருந்திருக்குமா என்பது மட்டும் எனக்கு இன்னும் தீராத ஷக்.

என்னைப் போல் இன்னும் சிலர் அங்கே இருந்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. மோப்ப நாயை வைத்திருந்த ஒருவர் மனிதர்களிடம் பேசியே நான் பார்த்ததில்லை. நாயிடம் மட்டும் இரண்டு பாஷையில் பேசுவார். அவருக்கு எந்தக் குறையும் இல்லை. என்னோடு பயிற்சியில் இருந்த இன்னொரு பையனுக்கு அப்படி அமையவில்லை. அவன் திடுக்கிடுவதைப் பார்ப்பதற்காகவே பையன்கள் அவன் பின்னால் போய்த் தட்டை அடிப்பார்கள். ஒரு நாள் அணிவகுப்பு நடுவில் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். கோழை என்றார்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஒரு முருகையா அண்ணனும் ஒரு தாமஸ் சாப்பும் கிடைத்தார்கள். அவனுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் இருவருக்கும் வேறு வித்தியாசம் எதுவும் இல்லை. இதை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

கதவுக்கு இந்தப் பக்கம்

போன சாரல் பருவத்தில் கோமதிக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். எப்படிப்பட்ட கட்டி என்று திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தென்காசியிலேயே ஆப்பரேஷன்.

காலையில் பச்சைத் துணி உடுத்தி ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார்கள். செல்வி ஒரு பக்கம் அழுதுகொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயிரம் சத்தம், நான் பல்லைக் கடித்துக்கொண்டு கூட நடந்தேன். தியேட்டர் வாசலில் நின்றோம்.

கோமதி எல்லோரிடமும் வாரேன் சொல்கிறவள். கறிகாய்க்காரரிடம் சொல்வாள், கோயில் வாசலில் பூ விற்கிறவளிடம் சொல்வாள், என்னிடமும் கடைக்குப் போகும்போது சொல்வாள். நர்ஸிடமும் பக்கத்துக் கட்டில்காரியிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தாள். என்னிடமும் சொல்வாள் என்று நின்றேன்.

அவள் என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்தாள். லேசாகப் பிடித்தால் எனக்கு ஆகாது என்று தெரிந்தவள்.

“ஏங்க, வரணும்னு நெனச்சுத்தான் போறேன்.”

என்னுடைய வாசகம். நானே யோசித்து யோசித்துக் கட்டியது. அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியவில்லை. வருவாளா என்று அவளுக்கே தெரியவில்லை. ரயில் நிலையத்தில் சாரலில் நின்றவள் காதில் அன்று என்ன விழுந்தது என்பது இத்தனை வருடம் கழித்து எனக்குக் கேட்டது.

அன்று நான் சொன்னது தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அதைக் கேட்டுவிட்டு அவள் என்னை நம்பித் தென்காசிக்குத் திரும்பி வந்தாளே.

நான் ஏதாவது சொல்ல வேண்டும். ஒன்றும் ஆகாது என்று சொல்லலாம், ஆனால் அது எனக்குத் தெரியாது. எல்லாம் நல்லபடி முடியும் என்று சொல்லலாம், அதுவும் தெரியாது. அப்போதுதான் பிறந்ததிலிருந்து எல்லா வாசல்களிலும் கேட்ட ஒரு சொல் முதல்முறையாக என் புத்திக்கு எட்டியது. அதில் வாக்குறுதி கிடையாது. அது உத்தரவு. உத்தரவில் பொய் எப்படி இருக்கும்? நான் உத்தரவு போட்டுப் பழகியவன்.

“போயிட்டு வா” என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். இத்தனை வருடத்தில் என் வாயிலிருந்து அதை அவள் கேட்டதில்லை. வார்டு பாய் ஸ்ட்ரெச்சரைத் தள்ள ஆரம்பித்துவிட்டான். நானும் கூடவே நடந்தேன்.

“கோயி ஷக்?” என்று கேட்டேன்.

சிரித்துவிட்டாள். “நஹி சாப்” என்றாள். கதவு சாத்திக்கொண்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே சாரல் விழுவதும் நிற்பதுமாக இருந்தது. செல்வி காபி வாங்கி வந்தாள், அது ஆறிப்போயிற்று. மத்தியானத்துக்கு மேல் டாக்டர் முகக்கவசத்தை இறக்கிக்கொண்டே வந்து, கெட்ட கட்டி இல்லை, எடுத்தாயிற்று என்றார். செல்வி என்னைக் கட்டிக்கொண்டாள். நன்றாக அழுத்திக் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கண் மூடியே இருந்தது. உதடு காய்ந்திருந்தது, லேசாக அசைந்தது.

“தண்ணி கேக்கா போலப்பா” என்று செல்வி குனிந்தாள்.

தண்ணீர் இல்லை. எனக்குச் சரியாகக் கேட்டது.

“வந்துட்டேன்.”

ரிப்போர்ட் வாங்கியாச்சு என்று இந்த முறை நான் சொல்ல வேண்டும். அதற்குப் பதில் சல்யூட் அடிக்கத்தான் கை எழுந்தது. தொப்பி இல்லாமல் சல்யூட் அடிக்கக் கூடாது என்பது விதி. ஆகவே கட்டிலுக்குப் பக்கத்தில் குதிகால் இரண்டையும் சேர்த்து, கையை ஒட்டி, நெஞ்சை நிமிர்த்தி, சாவ்தானில், அதாவது அட்டென்ஷனில், நின்றேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்பா, என்னப்பா இது, உக்காருங்க. எல்லாரும் பாக்காங்கப்பா” என்று செல்வி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

கோமதி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

“அவரு நிக்கட்டும்ட்டி.”